செவ்வாய் ஏழரை மணித் தொடரை யாரும் பார்க்கவில்லை

1. சென்னையிலிருந்து ஒரு போன்

“இதெல்லாம் நீங்க வீட்ல உக்காந்து ஃபில் பண்ணதாம்மா?”

சென்னை ஆபீஸிலிருந்து ராகவன் சார் போனில் என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் இல்லை, சௌக்கியமா என்ற விசாரிப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வருகிறவர்கள்கூட, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கோவையில் ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியில் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டராக இருந்தேன். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். வீடு வீடாகக் கதவைத் தட்டி, என்ன சோப்பு வாங்குகிறீர்கள், டூத் பேஸ்ட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரும் வேலை. காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். இரண்டு மேஜை, ஒரு போன், பழனிசாமி அண்ணன் என்று ஒரு சூப்பர்வைசர். நான் நல்ல வேலைக்காரி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வேலையில் திருட்டுக்குப் பெயர் ‘ஃபேக்’. வீட்டுக்கே போகாமல், டீக்கடையில் உட்கார்ந்து நாமே ஃபாரத்தை நிரப்பிவிடுவது. ஒரு தடவை ஃபேக் என்று பெயர் விழுந்துவிட்டால் அந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, ஊரில் எந்த ரிசர்ச் கம்பெனியிலும் வேலை கிடைக்காது. ராகவன் சார் போனில் கேட்டதற்கு அர்த்தம் அதுதான். ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பயத்தினால் இல்லை, ஆத்திரத்தினால்.

“என்ன சார் தப்பா இருக்குது?” என்று கேட்டேன்.

“அவிநாசி டைரியில செவ்வாய்க்கிழமை ஏழரை மணி கட்டத்துல எல்லா வீட்லயும் நியூஸ், இல்லன்னா காலி. ஒருத்தர்கூட அந்த சீரியலைப் பார்க்கல. ஆனா ஒப்பீனியன் ஃபாரத்துல எல்லாரும் ‘நன்று’ன்னு டிக் போட்டிருக்காங்க. பார்க்காத சீரியலை எப்படிம்மா நன்றுன்னு சொல்வாங்க?”



2. நல்லாருக்குதுங்க

அந்தத் தொடரின் பெயர் ‘மாடி வீட்டு நால்வர்’. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரையிலிருந்து எட்டு வரை. நான்கு பெண்கள் சென்னையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருப்பார்கள். ஒருத்தி பேங்கில் வேலை, ஒருத்தி நர்ஸ், ஒருத்தி தையல் டீச்சர், கடைசிப் பெண் வசு வேலை தேடிக்கொண்டிருப்பாள். அழுகை கிடையாது, மாமியார் கிடையாது, பாலில் விஷம் கலக்கிறவர்கள் கிடையாது. வாரம் ஒரு அசட்டுச் சிக்கல், அதை நான்கு பேரும் சேர்ந்து இன்னும் சிக்கலாக்குவார்கள். அந்தக் காலத்தில் தமிழில் அப்படி ஒன்று வந்ததே புதுசு. பெண்கள் நாலு பேர் சும்மா பேசிச் சிரிப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஸ்பான்சரான சலவைப் பவுடர் கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

அதனால் பதிமூன்று வாரத்துக்கு மட்டும் ஒப்பந்தம். பத்தாவது வாரத்துக்குள் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்வார்கள். பவுடர் கம்பெனிக்கு வேண்டியவர்கள் சின்ன ஊர்ப் பெண்கள். எங்கள் பக்கத்தில் சின்ன ஊர் என்று சாம்பிளில் விழுந்தது அவிநாசி. அங்கே ஒரே தெருவில் பத்து பேனல் வீடுகள், பத்தும் என் பொறுப்பு.

பேனல் வீடு என்றால், நாங்கள் ஒரு டைரி கொடுப்போம். ஒவ்வொரு பக்கமும் ஒரு நாள், கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். வீட்டில் யார் என்ன பார்த்தாலும் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் கிஃப்ட். அதோடு இந்தத் தொடருக்கென்று தனியாக ஒரு ஒப்பீனியன் ஃபாரம். அதில் மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று நாலு கட்டம். கீழே ‘வெர்பாட்டிம்’ என்று நாலு கோடு. அதில் அவர்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும்.

நான் அப்படியேதான் எழுதினேன். முதல் வீட்டில் சரசு, “நல்லாருக்குதுங்க” என்றார். எழுதினேன். இரண்டாம் வீட்டில், “நல்லாத்தானுங்க இருக்குது.” எழுதினேன். மூன்றாம் வீட்டில், “கொறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க.” பத்து வீட்டிலும் இந்த மூன்றுதான் மாறி மாறி வந்தது.

ப்ரோப் பண்ண வேண்டும் என்று டிரெய்னிங்கில் சொல்வார்கள். அதாவது கிண்டிக் கேட்பது. ருக்குமணியக்கா வீட்டில் கிண்டினேன். ருக்குமணியக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் லாரி டிரைவர், வாரத்தில் நாலு நாள் வெளியூர். கூடம் பெரிசு, குரலும் பெரிசு.

“பிடிக்காதது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா” என்றேன்.

“அதெதுக்குங்க அம்மிணி? பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருப்பாங்க. நாம ஒண்ணச் சொல்லி அவிங்க மனசு சங்கடப்படோணுமா?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எடுத்தவிங்க உங்க சொந்தக்காரங்களுங்களா?” என்று கேட்டார்.

இதை நான் வெர்பாட்டிமில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். ஒழுங்காக எழுதியிருந்தால் ராகவன் சாருக்குப் பாதி விஷயம் அன்றைக்கே புரிந்திருக்கும்.

3. பதினோரு கத்தரி

எங்கள் ஃபீல்டு நேரம் காலை பதினொன்றிலிருந்து மத்தியானம் நாலு வரை. டிவி பார்க்கிற நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரூல். போன் வந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை நான் ரூலை மீறினேன். ஆறு மணி பஸ்ஸில் போய் அவிநாசியில் இறங்கினேன். நான் எழுதியது நிஜம்தானா என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் சரசு வீடு. அவர் கணவர் பனியனோடு உட்கார்ந்து நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்க அம்மிணி. சரசு ஊட்டுல இல்லீங்களே. ருக்குமணி ஊட்டுக்குப் பிசிறு வெட்டப் போயிருக்குது” என்றார். அடுத்த வீட்டிலும் ஆண் ஒருவர், நியூஸ், அதே பதில். மூன்றாம் வீட்டில் பூட்டு தொங்கியது.

பிசிறு வெட்டுவது என்ன என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம். திருப்பூரிலிருந்து தைத்து முடித்த பனியன்களை மூட்டை மூட்டையாக ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். தையல் முனைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, மடித்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் முக்கால்வாசிப் பெண்கள் வீட்டு வேலை முடிந்ததும் செய்கிற வேலை.

ருக்குமணியக்கா வீட்டை நெருங்கும்போதே சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடம் முழுக்கப் பனியன் குவியல். சுற்றி பதினோரு பெண்கள், பதினோரு கத்தரிகள். என் பேனல் வீடுகளில் எட்டு வீட்டுப் பெண்கள் அங்கே இருந்தார்கள். கைகள் தானாக வெட்டிக்கொண்டிருந்தன. ஒரு கண்ணும் பனியன் பக்கம் இல்லை. எல்லாம் டிவி மேல். டிவியில் ‘மாடி வீட்டு நால்வர்’.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

“வா அம்மிணி, உக்காரு உக்காரு” என்று ருக்குமணியக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கத்தரியை என் கையில் திணித்தார். நானும் உட்கார்ந்து வெட்டினேன். அடுத்த இருபது நிமிஷம் என் காதில் விழுந்ததை வைத்து இருபது ரிப்போர்ட் எழுதலாம்.

“அந்தத் தையல் டீச்சரு ஊசியில நூல் கோக்கற லட்சணத்தப் பாரு. இவ ஒரு ஜாக்கெட்டாச்சும் தச்சிருப்பாளா?”

“நாலு பொம்பளைங்க இருக்கற ஊட்டுல காலையில தண்ணி புடிக்க ஒருத்தியும் எந்திரிக்க மாட்டேங்கறா. மெட்ராஸ்ல நாள் முச்சூடும் கொழாயில தண்ணி வருதாட்ட இருக்குது!”

“நர்ஸு நல்ல புள்ள. ஆனா ஒருநாளாவது அந்தப் புள்ளைய சோறு திங்க விடறாங்களா? தட்டுல கைய வெச்சா போதும், யாராச்சும் கதவத் தட்டிப்போடறாங்க.”

“வசுவைக் கொறை சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்று சரசு கத்தரியை ஆட்டிச் சொன்னார்.

இதே சரசுதான் எனக்கு “நல்லாருக்குதுங்க” என்று ஒரு வார்த்தை கொடுத்தவர்.

அன்றைய பகுதியின் முடிவில் வசுவுக்கு பம்பாயில் வேலை கிடைத்ததாக ஒரு கடிதம் வந்தது. அவள் போவாளா மாட்டாளா என்று சொல்லாமல் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். பதினோரு பேரும் ஒரே குரலில் “அய்யய்யோ” என்றார்கள்.

நான் மெதுவாகக் கேட்டேன். “ஏனக்கா, செவ்வாய்க்கிழமை டிவி பாத்தீங்கன்னு டைரியில ஏன் டிக் போடல?”

ருக்குமணியக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “எங்கீங்க டிவி பாக்கறது? கை ஒழிஞ்சாத்தானே?”

“இப்பப் பாத்தீங்களே!”

“பிசிறு வெட்டுனமுங்க. அது பாட்டுக்கு ஓடுச்சு.”

சரசு சேர்ந்துகொண்டார். “நீங்கதானுங்க மொத நாள் சொன்னீங்க, வேல செஞ்சுட்டிருக்கும்போது டிவி ஓடுனா டிக் போடக் கூடாதுன்னு? அதுவுமில்லாம, சும்மா உக்காந்து டிவி பாத்தேன்னு எழுதி வெச்சா, என்ற ஊட்டுக்காரரு படிச்சுப்போட்டு என்ன நெனப்பாரு?”

சொன்னது நான்தான். அடுப்படியில் இருக்கும்போது கூடத்தில் டிவி ஓடினால் அது பார்த்தது ஆகாது என்று மேனுவலில் இருந்தது. அதை நான் ரொம்பச் சிரத்தையாக, இரண்டு தடவை சொல்லிக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்ணிடம் போய், ‘நீங்கள் சும்மா இருந்தீர்களா’ என்று கேட்டால் எந்தக் காலத்திலும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். நானும் அந்தப் பக்கத்தில் பிறந்தவள்தான். எனக்கே இது உறைக்காமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

4. பழனிசாமி அண்ணனின் யோசனை

மறுநாள் ஆபீஸில் எல்லாவற்றையும் பழனிசாமி அண்ணனிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். மேஜை டிராயரைத் திறந்து அவிநாசி டைரிகளின் காப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே ஒரு பேனா.

“எல்லாச் செவ்வாயும் பாத்திருக்காங்கல்ல அம்மிணி? டிக் போட்டு அனுப்பிச்சுப்போடு. கரெக்சன்னு சொல்லிக்கலாம். பொய்யொண்ணும் இல்லியே?”

பேனாவை எடுத்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூடியையும் திறந்தேன். அவர் சொன்னது நியாயம்தான், டிக் போட்டால் டைரி உண்மையாகிவிடும். ஆனால் ராகவன் சார் என்னைக் கேட்டது என்ன? வீட்டில் உட்கார்ந்து ஃபில் பண்ணினீர்களா என்று. அதுவரை பண்ணவில்லை. இப்போது டிக் போட்டால் பண்ணியவளாகிவிடுவேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, நடந்ததை நாலு பக்கம் கடிதமாக எழுதி கூரியரில் அனுப்பினேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. ராகவன் சார்தான். “கதை நல்லா இருக்கும்மா. ஆனா கதையை வச்சு நான் கிளையன்ட்கிட்டப் பேச முடியாது. வர செவ்வாய்க்கிழமை நானே வரேன். என் கண்ணால பார்த்தா எழுதறேன். பார்க்கலைன்னா, சீரியல் காலி. உங்க பேனலையும் க்ளோஸ் பண்ணிட்டு வேற ஆளைப் போடுவேன். முன்கூட்டியே அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா லீடிங் ஆயிடும்.”

லீடிங் என்றால் பதிலை நாமே ஊட்டிவிடுவது. ஃபேக்குக்கு அடுத்த பாவம் அது. நான் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் அவிநாசிப் பக்கமே போகவில்லை. போனால் வாய் தவறிவிடும் என்று எனக்கு என்மேலேயே பயம்.

5. விருந்தாளி

செவ்வாய்க்கிழமை ராகவன் சார் வந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர், இன் பண்ணிய சட்டை, ஷூ, ஒரு பிரீஃப்கேஸ். பஸ்ஸில் வரும்போது அவிநாசி டைரிகளையே புரட்டிக்கொண்டிருந்தார். ருக்குமணியக்கா வீட்டு வாசலுக்கு நாங்கள் போனபோது மணி ஏழு இருபத்தைந்து. ஜன்னலில் பதினோரு தலைகள் தெரிந்தன. டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

கதவைத் தட்டினேன். “சென்னையிலிருந்து எங்க சார் வந்திருக்காருங்கக்கா” என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆனால் வேறு எப்படித்தான் சொல்வது?

ருக்குமணியக்கா முதலில் செய்த காரியம், போய் டிவியை அணைத்தது.

“வாங்க, வாங்க, வாங்க. என்னுங்க சார், ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆள அனுப்பியிருப்பமுங்களே!”

ஒரு நிமிஷத்தில் பனியன் குவியல் முழுவதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பதினோரு கத்தரியும் மாயம். நாற்காலி வந்தது, அதை ஒருவர் முந்தானையால் துடைத்தார். ஃபேன் சுற்றியது. தண்ணீர், காப்பி, ஒரு தட்டில் முறுக்கு. பெண்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றுகொண்டு, சாரை மரியாதையாகப் பார்த்தார்கள்.

“டிவி போட்டிருந்தீங்க போல?” என்றார் ராகவன் சார்.

“அட, அது கெடக்குதுங்க. வந்தவங்கள உக்கார வெச்சுட்டு டிவி ஓடறது மரியாதைங்களா?”

“செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு வழக்கமா என்ன பார்ப்பீங்க?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“மாடி வீட்டு நால்வர்னு ஒரு சீரியல் வருதே?”

“நல்லாருக்குதுங்க” என்றார் சரசு.

ராகவன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ‘அக்கா, டிவியைப் போடுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் லீடிங். வாயை மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்தேன்.

மணி ஏழு முப்பத்திரண்டு. பின்தெருவில் யார் வீட்டிலிருந்தோ தொடரின் டைட்டில் பாட்டு கேட்டது. பதினோரு தலைகளும் ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பின. உடனே மரியாதையாக சார் பக்கம் திரும்பிக்கொண்டன. சார் அப்போது பிரீஃப்கேஸைத் திறந்து பேப்பர் தேடிக்கொண்டிருந்தார். அதை அவர் பார்க்கவில்லை.

அவர் ஒவ்வொருவரிடமும் பெயர், வீட்டில் எத்தனை பேர், என்ன டிவி என்று கேட்டார். ஒவ்வொருவரும் பதில் சொல்லிவிட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சரசு புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஏழு நாற்பதுக்கு ராகவன் சார் நோட்டை மூடினார்.

“போலாமாம்மா? பார்த்தாச்சு” என்று என்னிடம் சொல்லி எழுந்தார். அவ்வளவுதான், என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

அதற்குள் ருக்குமணியக்கா பதறி ஓடிவந்தார். “அதெப்படிங்க? வந்தவரு வெறும் வயித்தோட போறதா? உக்காருங்க, தோச ஊத்தறேன். சாப்பிட்டுத்தான் போகோணும்!”

ராகவன் சார் மறுபடி உட்கார்ந்தார். சுவரோரம் நின்ற பத்து பெண்களின் முகமும் செத்துப்போனது. சரசு ருக்குமணியக்காவைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

அடுப்படியில் தோசைக் கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுபோனது. ருக்குமணியக்கா கையில் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தார். வாசற்படிக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்றார். நெற்றி வேர்த்திருந்தது.

“ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லுங்கம்மா.”

“நீங்க நாளைக்கு வாங்க. மத்தியானமே வாங்க. கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறேன், இருந்து சாப்பிட்டுப் போலாமுங்க. இப்பக் கெளம்புங்க.”

“ருக்கு!” என்று யாரோ அடக்கிய குரலில் கத்தினார்கள். வீட்டுக்கு வந்தவரைக் கிளம்பச் சொல்வதை நான் எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

ருக்குமணியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “எட்டு மணிக்கு முடிஞ்சு போயிருமுங்க சார். வசு போறாளா இல்லியான்னு இன்னைக்கு உட்டா தெரியாது. எங்க பதினோரு பேருக்கும் ஒரு வாரமா அதே வெசனமுங்க.”

ராகவன் சார் கேட்டார். “வசு யாரு?”

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் வசு வேலைக்கு அலைந்த கதையைச் சொன்னார், ஒருவர் பேங்க்காரி செய்த துரோகத்தைச் சொன்னார், ஒருவர் தையல் டீச்சருக்குத் தைக்கத் தெரியாது என்பதைச் சொன்னார். நடுவில் சரசு போய் டிவியைப் போட்டுவிட்டார்.

“நானும் பார்க்கலாமா?” என்றார் ராகவன் சார்.

“பாருங்க” என்றார் ருக்குமணியக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பேச்சுக் கொடுக்கக் கூடாதுங்க. கேக்காது.”

கட்டிலுக்கு அடியிலிருந்து பனியன்கள் திரும்பி வந்தன. கத்தரிகள் எங்கிருந்தோ முளைத்தன. கால் மணி நேரம் நானும் ராகவன் சாரும் டிவியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வசு போகத்தான் முடிவு செய்திருந்தாள். மற்ற மூன்று பேரும் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே அவள் பெட்டியை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று படியில் நின்று சண்டை. பெட்டி திறந்து துணியெல்லாம் கொட்டியது. சிரிப்பான காட்சிதான். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஆட்டோ கிளம்பிவிட்டது. மூன்று பேர் மட்டும் வாசலில் நின்றார்கள்.

கத்தரிச் சத்தம் முழுவதுமாக நின்றது. பதினோரு பேரின் கையும் மடியில் கிடந்தது. சரசு மூக்கை உறிஞ்சினார். ருக்குமணியக்கா டிவியைப் பார்த்தபடியே அவர் முதுகில் கையை வைத்தார். நான் ராகவன் சாரைப் பார்த்தேன். அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

6. கோழிக் குழம்பு

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னிடம், “சாரிம்மா” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் அவர் போக வேண்டியது. போகவில்லை. மத்தியானம் என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி அவிநாசிக்குப் போனார். போகாவிட்டால் அந்த அம்மா ஆயுசுக்கும் இதை நினைத்து நொந்துகொள்வார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் போனில் என்னைக் கேட்டதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

ருக்குமணியக்கா சொன்னபடி கோழிக் குழம்பு வைத்திருந்தார். பரிமாறும்போது மூன்று தடவை கேட்டார். “கோவிச்சுக்கலீங்களே சார்? என்ற வாயில எப்படி அந்த வார்த்த வந்துச்சுன்னே தெரியலீங்க.”

ராகவன் சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். “அம்மா, நான் இருபது வருஷமா வீடு வீடாப் போயி இந்த சீரியல் பிடிக்குதா, அந்தப் படம் பிடிக்குதான்னு கேட்டுட்டிருக்கேன். எல்லாரும் பிடிக்குதுன்னுதான் சொல்வாங்க. ஒரு சீரியலுக்காக என்னை வெளிய போகச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் எழுதிய ரிப்போர்ட்டின் முதல் வரியில் ருக்குமணியக்கா சொன்னது வெர்பாட்டிமாக இருந்தது. ‘நீங்க நாளைக்கு வாங்க, இப்பக் கெளம்புங்க.’ பவுடர் கம்பெனிக்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்ததாகவும், இன்னும் பதிமூன்று வாரம் கொடுத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். என் பேனல் என்னிடமே இருந்தது. டைரியில் புதிதாக ஒரு வரி அச்சடித்தார்கள்: கை வேலை செய்துகொண்டே பார்த்தாலும், பிறர் வீட்டில் பார்த்தாலும் டிக் போடவும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஃபாரத்தில் ஒரே மாதிரி பதில் வந்தால் ஜனங்களைச் சந்தேகப்படாதீர்கள், கேள்வியைச் சந்தேகப்படுங்கள். யாரும் உங்களிடம் பொய் சொல்வதில்லை. மரியாதை சொல்கிறார்கள். அந்த மரியாதையை மீறி ஒருவர் வாய் திறந்தால், அவருக்கு உண்மையில் எது வேண்டும் என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அதைச் சொல்ல அவர் எவ்வளவு கூசியிருப்பார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மறுநாள் சாப்பிடக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.